ஒளித்து வைத்த திராட்சைக் குலை

கிரிப்டோரெசிமேட் என்றொரு சொல் படிகவியலில் இருக்கிறது. படிகங்களோடு தினமும் புழங்குகிறவர்களிலேயே பலர் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கேள்விப்பட்டவர்களும் ஏதோ ஓர் ஆய்வுக் கட்டுரையின் மூலையில் ஒருமுறை பார்த்துவிட்டுத் தாண்டிப் போயிருப்பார்கள். எனக்கு அந்தச் சொல்மீது ஒரு தனிப் பிரியம். அதைப் பிய்த்துப் பார்த்தால் வருகிற பொருள் அப்படி. ‘கிரிப்டோ’ கிரேக்கம்: ஒளிந்திருப்பது. ‘ரெசிமேட்’ என்பதன் வேர் ‘ரசீமுஸ்’ என்ற லத்தீன் சொல்: திராட்சைக் குலை. ஆக, ஒளித்து வைத்த திராட்சைக் குலை! இதை ஒருவர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் கட்டுரைத் தலைப்பில் போட்டு, அதை இன்னொருவர் சிரிப்பே இல்லாமல் மேற்கோள் காட்டுகிறார்.

திராட்சைக்கும் படிகத்துக்கும் என்ன சம்பந்தம்? நடுவில் ஓர் ஒயின் பீப்பாய் இருக்கிறது.

ஒயின் ஊறும் பீப்பாயின் உள்சுவரில் நாள்பட நாள்பட ஒரு கசடு கெட்டியாகப் படியும். அதற்கு டார்டார் என்று பெயர். 1769-இல் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஷீலே அதிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அதுதான் டார்டாரிக் அமிலம். நமக்கு இது பழகிய சரக்குதான். ரசத்துக்குக் கரைக்கிற புளியின் புளிப்பில் பெரும்பங்கு இதே அமிலம். சாயத் தொழிலுக்கும் மருந்துக்கும் தேவைப்பட்டதால் ஐரோப்பாவில் இதைப் பெரிய அளவில் தயாரித்தார்கள். அப்படித் தயாரித்தவர்களில் ஒருவர் கெஸ்ட்னர். பிரான்ஸின் கிழக்கு ஓரத்தில், அல்சாஸ் பகுதியில், அவருடைய ஆலை இருந்தது. ஊரின் பெயர் தான். (ஆமாம், ‘தான்’ தான்.) 1820 வாக்கில் அந்த ஆலையில் டார்டாரிக் அமிலத்தோடு இன்னொரு அமிலமும் படிகமாக வந்து நின்றது. எடுத்துச் சோதித்தால் அதே கார்பன், அதே ஹைட்ரஜன், அதே ஆக்சிஜன், அதே விகிதம். ஆனால் டார்டாரிக் அமிலம் இல்லை. கரையும் அளவு வேறு, படிகம் வேறு.

பிரெஞ்சு வேதியியலாளர் கேலூசாக் அந்த ஆலைக்குப் போய் மாதிரி வாங்கி வந்தார். அதற்கு ரெசிமிக் அமிலம் என்று பெயர் வைத்தார். திராட்சையில் இருந்து வந்ததால் திராட்சைப் பெயர், அவ்வளவுதான். அந்த அமிலம் எப்படிப்பட்டது என்று அந்தப் பெயரில் எந்தத் தகவலும் கிடையாது. எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்லும் முகவரிச் சீட்டு. ஜெர்மானியர்களும் அதே வழியில் ‘டிராபன்சாய்ரே’, திராட்சை அமிலம், என்றார்கள். ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சிலியஸ் மட்டும் இது டார்டாரிக் அமிலத்தின் பக்கத்து வீட்டுக்காரன் என்கிற பொருளில் பாராடார்டாரிக் என்றார். ஒரே சேர்மானம், இரண்டு பொருள் என்கிற இந்தப் புதிரை முக்கியமான உதாரணமாக வைத்துத்தான் 1830-இல் அவர் ‘ஐசோமர்’ என்ற சொல்லையே உருவாக்கினார். மாற்றியம் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான்.

ரசீமுஸின் மற்றப் பிள்ளைகளையும் சொல்லிவிடுகிறேன். பாயசத்தில் போடுகிற உலர்திராட்சையின் ‘ரெய்சின்’ அதே வேரில் வந்தது. தாவரவியலில் ‘ரெசீம்’ என்ற பூங்கொத்து வகை அதே வேர். நீண்ட தண்டில் காம்புள்ள பூக்கள் வரிசையாக இருக்கும், அடியில் மூத்தது, நுனியில் இளையது. இதில் ஒரு வேடிக்கை. திராட்சையின் பூங்கொத்து கிளைவிட்டுப் பிரிவதால் அந்த இலக்கணப்படி அது ரெசீம் ஆகாது. புளியம்பூ ரெசீம்தான். லத்தீன்காரர்கள் திராட்சைக்கு வைத்த பெயருக்கு முழுத் தகுதி நம் புளியமரத்துக்கு இருக்கிறது. டார்டாரிக் அமிலமும் அதில்தான் கொட்டிக் கிடக்கிறது.

சரி, அமிலத்துக்கு வருவோம்.

இரண்டு அமிலங்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசத்தைக் காட்டியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பத்தீஸ்த் பியோ. சில கரைசல்கள் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்பிவிடுகின்றன என்று 1815-லேயே கண்டவர் அவர். டார்டாரிக் அமிலக் கரைசல் வலப்பக்கம் திருப்பியது. ரெசிமிக் அமிலக் கரைசல் எந்தப் பக்கமும் திருப்பவில்லை.

இந்தத் திருப்புதலைப் பார்க்கும் கருவி போலரிமீட்டர். கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியலோ இயற்பியலோ படித்தவர்கள் இதோடு ஒரு மதியமாவது மல்லுக்கட்டியிருப்பார்கள். சோடியம் விளக்கைப் போட்டால் முதலில் ஒரு மாதிரி இளஞ்சிவப்பாகத்தான் எரியும். சில நிமிடம் பொறுத்தால் மஞ்சள் ஏறும். அதற்குள் கண்ணாடிக் குழாயில் சர்க்கரைக் கரைசலை ஊற்றி, ஒரு குமிழிகூட நடுவில் நிற்காமல் மூடி திருக வேண்டும். கண்ணை வைத்துப் பார்த்தால் ஒரு வட்டம். நடுவே கோடு கிழித்தது மாதிரி பாதி வெளிச்சம், பாதி இருட்டு. திருகைத் திருப்பத் திருப்ப இருட்டு ஒரு பாதியில் இருந்து மறு பாதிக்குத் தாவும். தாவுகிற அந்த இடத்தில் ஒரு நூலிழை அளவுக்கு இரண்டு பாதியும் ஒரே மங்கலாக நிற்கும். அதுதான் அளவு. வெறும் தண்ணீரில் அந்த இடம் பூஜ்யத்தில் இருக்கும். சர்க்கரை ஊற்றினால் வலப்பக்கம் தள்ளிப்போகும். ரெசிமிக் அமிலம் ஊற்றினால் தண்ணீர் ஊற்றின மாதிரியே இருக்கும். புளிப்பான ஒரு கரைசல் குழாய் நிறைய இருக்கிறது, ஒளிக்கு மட்டும் அது இருப்பதே தெரியவில்லை!

1844-இல் ஜெர்மன் வேதியியலாளர் மிட்ஷெர்லிக் இதை இன்னும் சிக்கலாக்கினார். இரண்டு அமிலங்களின் சோடியம் அம்மோனியம் உப்புகளை எடுத்துப் பார்த்தேன்; படிக வடிவம், கோணம், அடர்த்தி எல்லாம் ஒன்றே, ஒளியைத் திருப்புவதில்தான் வித்தியாசம் என்றார். பெரிய மனிதர் சொன்னது. பாரிஸில் ஓர் இளைஞருக்கு மட்டும் இது தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. அவர் லூயி பாஸ்டர். வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கும் பால் பதப்படுத்தலுக்கும் நாம் தெரிந்துவைத்திருக்கும் அதே பாஸ்டர். அந்த வேலைகளெல்லாம் பிற்பாடு. 1848-இல் அவருக்கு வயது 25, கையில் இருந்தது படிகமும் உருப்பெருக்கியும்.

அவருக்குப் படிகம் கற்றுக்கொடுத்த டெலாஃபோஸ், படிகவியலின் தந்தை என்று சொல்லப்படும் ஆவியின் மாணவர். (பிரெஞ்சுக்காரர்கள் ஹகரத்தை விழுங்கி ‘ஆவி’ என்றுதான் சொல்கிறார்கள், நான் என்ன செய்ய.) குவார்ட்ஸ் படிகங்களில் மூலையில் குட்டியாக ஒரு சாய்ந்த முகம், அதாவது ஒரு தட்டையான தளம், இருக்கும், சிலவற்றில் அது வலப்பக்கம், சிலவற்றில் இடப்பக்கம் என்பது ஆவி பார்த்து வைத்தது. அந்த முகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் ஒளியும் திரும்புகிறது என்று 1820-களின் தொடக்கத்தில் ஜான் ஹெர்ஷல் முடிச்சுப் போட்டார். முழுச் சமச்சீர் இருந்தால் வர வேண்டிய முகங்களில் பாதி மட்டும் வருவதால் இதற்கு அரைமுகத் தன்மை என்று பெயர். பாஸ்டர் கேட்ட கேள்வி எளிமையானது. டார்டாரிக் உப்புப் படிகத்திலும் அப்படியொரு குட்டி முகம் இருக்க வேண்டுமே?

இருந்தது. எல்லாப் படிகத்திலும் ஒரே பக்கம். மிட்ஷெர்லிக் கண்ணில் படாமல் போன முகம். அப்படியானால் ஒளியைத் திருப்பாத ரெசிமிக் உப்பில் அந்த முகம் இருக்கக் கூடாது. பார்த்தார். அதிலும் இருந்தது. மனம் உடைந்துபோனதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் படிகங்களை ஒரே மாதிரி நிறுத்தி வைத்துப் பார்த்தபோது, சிலவற்றில் முகம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது, சிலவற்றில் இடப்பக்கம். ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியலாக வைத்தார். தனித்தனியே கரைத்துப் போலரிமீட்டரில் பார்த்தார். ஒன்று வலப்பக்கம், மற்றது இடப்பக்கம். இரண்டையும் சம எடையில் கலந்தால் பூஜ்யம்.

இதைச் சொல்வது சுலபம். அந்த முகங்கள் நிஜத்தில் எப்போதும் அழகாகத் தெரிவதில்லை. பல படிகங்களில் தேய்ந்த மாதிரி இருக்கும், பலவற்றில் வளர்ந்தே இருக்காது. இப்படி ஒரு குவியலில் கைவேலையாகப் பிரிக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்று யோசித்தால் எனக்கு அந்தக் கண்டுபிடிப்பைவிட அந்தக் கண்கள்தான் ஆச்சரியம்.

அப்போது பியோவுக்கு 74 வயது. வாழ்நாள் முழுக்க இதே விஷயத்தில் கிடந்தவர், கேட்டதும் நம்பிவிடவில்லை. தானே சோதித்து வைத்திருந்த ரெசிமிக் அமிலத்தைக் கொடுத்து, சோடாவும் அம்மோனியாவும் கொடுத்து, என் கண்முன்னால் செய் என்றார். கரைசல் அவர் இடத்திலேயே, கொலேஜ் து பிரான்ஸில் ஓர் அறையில், மெதுவாகக் காய்ந்தது. படிகம் வந்ததும் பாஸ்டரை அழைத்தார். பாஸ்டர் அவர் எதிரிலேயே பிரித்து, இது வலது, இது இடது என்று வைத்தார். கரைசலைப் பியோ தன் கையாலேயே தயாரித்தார். உலகம் அதுவரை பார்க்காத இடதுக் கரைசலைத்தான் முதலில் குழாயில் ஊற்றினார். அளவெடுக்கவே தேவைப்படவில்லை. பார்த்த கணத்தில் தெரிந்துவிட்டது. பாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, ‘என் பிள்ளை, வாழ்க்கை பூரா அறிவியலை அவ்வளவு நேசித்திருக்கிறேன், இது என் நெஞ்சைப் படபடக்க வைக்கிறது’ என்றாராம்.

இதில் வெயிலுக்கு ஒரு பங்கு உண்டு. அல்லது வெயில் இல்லாததற்கு. சோடியம் அம்மோனியம் உப்பு, வலது தனி இடது தனி என்று பிரிந்து படிகமாவது சுமார் 27 டிகிரி செல்சியஸுக்குக் கீழேதான். அதற்கு மேலே போனால் வலதும் இடதும் சேர்ந்தே ஒரு படிகத்துக்குள் உட்கார்ந்துவிடும். அதற்கு ஸ்காக்கி உப்பு என்று பெயர். அதில் பொறுக்கி எடுக்க எதுவுமே கிடையாது. பாரிஸின் குளிர்ந்த அறையில் நடந்த அதே சோதனையை மே மாதச் சென்னையில் மேசைமேல் வைத்திருந்தால் பாஸ்டருக்கு ஸ்காக்கி உப்புதான் கிடைத்திருக்கும். இன்று ஏசியை 24-இல் வைத்துவிட்டுச் செய்யலாம். அன்றைக்கு வழியில்லை.

அப்புறம் அந்தச் சொல் நகர ஆரம்பித்தது. ரெசிமிக் அமிலம் என்பது வலது டார்டாரிக் பாதி, அதன் கண்ணாடிப் பிம்பமான இடது டார்டாரிக் பாதி என்று ஆனபிறகு, ‘ரெசிமிக்’ என்றாலே பாதிக்குப் பாதி என்று பொருளாகிவிட்டது. பீப்பாயும் போனது, திராட்சையும் போனது. இன்று தலைவலிக்கு வாங்குகிற இப்யூபுரூஃபன் ரெசிமிக். எந்தத் திராட்சைத் தோட்டத்தையும் அது பார்த்ததில்லை.

மருந்துக்கடை அட்டைகளே இதற்கு நல்ல பாடம். செட்ரிசின் மாத்திரை 10 மில்லிகிராம். லெவோசெட்ரிசின் 5 மில்லிகிராம். ஏன் சரிபாதி? செட்ரிசின் ரெசிமிக், அதில் வேலை செய்வது பெரும்பாலும் ஒரு பாதி. அந்தப் பாதியை மட்டும் பிரித்து விற்பது லெவோ. ‘லெவோ’ என்றால் இடது, ஒளியை இடப்பக்கம் திருப்புவதால். ஆனால் அதே மூலக்கூறுக்கு அணுக்களின் அமைப்பை வைத்து வேதியியல் தரும் குறியீடு ‘ஆர்’. ரெக்டஸ், லத்தீனில் வலது. ஒரே மாத்திரை பெயரில் இடது, குறியீட்டில் வலது. தப்பு எதுவும் இல்லை. ஒன்று ஒளியைப் பார்த்து வைத்த பெயர், மற்றது அணுக்களின் வரிசையைப் பார்த்து வைத்தது. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலத்தின் கதையும் அப்படித்தான். பெயரில் ‘எல்’ இருக்கும், ஒளியை வலப்பக்கம் திருப்பும்.

நம் பாடநூலில் ரெசிமிக் கலவைக்குச் சுழிமாய்க் கலவை என்று போட்டிருக்கிறார்கள். படித்த காலத்தில் வாயில் நுழையாத சொல் என்று நாங்கள் கேலி செய்ததுண்டு. இப்போது பார்த்தால், கேலூசாக் வைத்த பெயரைவிட இது எத்தனையோ தேவலை. சுழற்சி மாய்ந்துபோன கலவை. என்ன நடக்கிறதோ அதையே சொல்கிறது. சுழி என்றால் பூஜ்யமும்தானே. சுழி மாய்ந்து கருவியில் சுழி காட்டுகிறது. யோசித்து வைத்தார்களா, தானாக அமைந்ததா, எப்படியானாலும் ரசிக்க வேண்டியது. வலப்பக்கம் திருப்புவது வலஞ்சுழி, இடப்பக்கம் திருப்புவது இடஞ்சுழி. கும்பகோணம் பக்கம் திருவலஞ்சுழி இருக்கும் தமிழில் இதற்கெல்லாம் புதிதாகச் சொல் தேட வேண்டிய அவசியமே வரவில்லை. இன்னொரு தற்செயல் ‘கைரல்’. வலது இடது பேதமுள்ள பொருளுக்கு 1890-களில் கெல்வின் வைத்த பெயர். கிரேக்கத்தில் ‘கெய்ர்’ என்றால் கை. நம் கைக்கும் அதற்கும் உறவு எதுவும் இல்லை. ஆனால் வகுப்பில் ‘கைரல்’ என்று கரும்பலகையில் எழுதினால் விளக்கம் பாதி முடிந்துவிடும்.

இதுவரை வேதியியல்காரர்களின் வழக்கு. கரைசலில் பாதிக்குப் பாதி இருந்தால் அவர்களுக்கு அது ரெசிமிக், கதை முடிந்தது. படிகவியல்காரர்களுக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது. பாதிக்குப் பாதி சரி, படிகமாகும்போது எப்படி உட்காருகிறது? இதை 1899-இல் நெதர்லாந்தின் ரோஸபூம் மூன்றாகப் பிரித்தார். கோயில் வாசலில் செருப்பு விடுவதை வைத்துச் சொல்கிறேன். வலதுச் செருப்பெல்லாம் ஒரு குவியல், இடதெல்லாம் வேறு குவியல் என்று கிடந்தால் அது காங்க்ளோமரேட். வலதும் இடதும் ஜோடி ஜோடியாக, ஒழுங்காக, ஒரே அடுக்கில் இருந்தால் அது ரெசிமிக் சேர்மம், சுருக்கமாக ரெசிமேட். எந்த இடத்தில் எது என்ற கணக்கே இல்லாமல் கிடைத்த இடத்தில் விட்டிருந்தால் போலி ரெசிமேட். பெரும்பாலான பொருள்கள் இரண்டாவது வகை. காங்க்ளோமரேட்டாக வருபவை நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துக்குள் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு.

இந்தக் கறாரான கணக்கில் பாஸ்டர் பொறுக்கிய குவியல் எது? காங்க்ளோமரேட். ரெசிமேட் அல்ல. கெஸ்ட்னர் ஆலையின் அமிலம் படிகமாகும்போது ரெசிமேட்தான். ஸ்காக்கி உப்பும் ரெசிமேட்தான். ‘ரெசிமிக்’ என்ற சொல்லுக்கு உலகப் புகழ் வாங்கித் தந்த அந்த உப்பு மட்டும் ரெசிமேட் குடும்பத்துக்கு வெளியே நிற்கிறது. உள்ளே இருந்திருந்தால் பிரித்திருக்கவே முடியாது என்பதுதான் காரணம். பெயர் வாங்கிக் கொடுத்தவருக்குப் பந்தியில் இலை போடாத மாதிரியான இந்த நிலைமை எனக்கு எப்போது நினைத்தாலும் சிரிப்பை வரவழைக்கும்.

இனி கிரிப்டோ.

ரெசிமேட்டில் வலதும் இடதும் எப்படி ஜோடி சேர்கின்றன? வழக்கமாக, படிகத்துக்குள் ஒரு சமச்சீர் மையம் இருக்கும். அந்தப் புள்ளியில் இருந்து ஒரு திசையில் ஓர் அணு இருந்தால், நேர் எதிர்த் திசையில் அதே தூரத்தில் அதே அணு இருக்கும். இந்தப் பக்கம் வலதுக் கை மூலக்கூறு என்றால் அந்தப் பக்கம் தானாகவே இடது. பாதியை அளந்தால் போதும், மீதியைச் சமச்சீர் எழுதிக் கொடுத்துவிடும். படிகங்களில் அணுக்கள் அடுக்கப்படுவதற்கு மொத்தம் 230 விதம் உண்டு. ஸ்பேஸ் குரூப் என்பார்கள். அதில் 65-இல் மட்டும் இப்படி மையமோ கண்ணாடித் தளமோ, வலதை இடதாக்கும் வேறெந்தச் சமச்சீருமோ கிடையாது. 1879-இல் அவற்றைப் பட்டியலிட்ட சோங்கே பெயரால் சோங்கே குழுக்கள். ஒரே கை மூலக்கூறுகள் மட்டும் உள்ள பொருள், ஒரு புரதமோ சர்க்கரையோ, இந்த 65-க்குள்தான் படிகமாக முடியும். வேறு இடம் கிடையாது. இவை அத்தனையையும் கைரல் குழுக்கள் என்று பேச்சில் சொல்லிவிடுகிறோம். கறாராகப் பார்த்தால் 22 மட்டுமே கைரல். படிகவியலாளர் ஹோவர்ட் ஃபிளாக் இதைத் தெளிவுபடுத்தத் தனியாகக் கட்டுரையே எழுதினார். பேச்சு வழக்கு மாறினபாடில்லை.

ஆகவே ஒரு பொருளின் ஸ்பேஸ் குரூப்பைப் பார்த்ததும் அனுபவசாலிகள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். மையம் உள்ள குழுவா, ரெசிமேட். சோங்கே குழுவா, ஒரே கை. இந்த மனக்கணக்கு ஏறக்குறைய எப்போதும் சரியாக வரும்.

வராத இடம்தான் கிரிப்டோரெசிமேட். குழு சோங்கே, மையம் இல்லை, கண்ணாடி இல்லை. உள்ளே பார்த்தால் வலதும் இருக்கிறது, இடதும் இருக்கிறது, சரிபாதி. ஆனால் எந்தச் சமச்சீரும் ஒன்றிலிருந்து மற்றதை உண்டாக்கவில்லை. இரண்டும் தனித்தனியாக, ஒன்றையொன்று பார்க்காமல், அவரவர் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. கட்டமைப்பை அளந்து பதிந்த கணினிக் கோப்பைத் திறந்தால் மூலக்கூறு ஏ, மூலக்கூறு பி என்று இரண்டு பட்டியல் இருக்கும். ஏ-க்கு ஒரு கை, பி-க்கு மறு கை. வெளியில் இருந்து குழுவின் பெயரை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. ஒளிந்திருக்கிறது என்பது அந்த அர்த்தத்தில்.

இயற்கை ஏன் இப்படிச் செய்கிறது? இரண்டு கையும் கையில் இருக்கும்போது மையம் போட்டு அடுக்குவதுதான் இடத்தைச் சிக்கனமாக நிரப்ப வசதி. அதனால்தான் இந்த வகை இவ்வளவு அபூர்வம். 2010-இல் ஃபேபியானும் கரோலின் பிராக்கும் படிகக் கட்டமைப்புகளைச் சேர்த்து வைக்கும் கேம்பிரிட்ஜ் தரவுத்தளத்தைச் சலித்துக் கரிம கிரிப்டோரெசிமேட்டுகளைப் பட்டியலிட்டார்கள். இலட்சக்கணக்கான கட்டமைப்புகள் உள்ள இடத்தில் அந்தப் பட்டியல் சில பக்கங்களில் அடங்கிவிட்டது. அந்தத் தரவுத்தளம் 2019-இல் பத்து இலட்சத்தைத் தாண்டியது.

அந்தப் பட்டியலைப் போடுவதில் உள்ள பெரிய தொல்லை, எது உண்மையான கிரிப்டோ, எது அளந்தவர் மையத்தைக் கவனிக்காமல் விட்டது என்று பிரிப்பது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். மையம் இருந்தும் அதை விட்டுவிட்டுச் சோங்கே குழுவில் கணக்குப் போட்டால் அங்கேயும் ஏ, பி என்று இரண்டு மூலக்கூறு வந்து நிற்கும். இந்த மாதிரி விடுபட்ட சமச்சீரைக் கண்டுபிடிப்பதையே ஒரு வாழ்நாள் பணியாக வைத்திருந்தவர் அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தின் ரிச்சர்ட் மார்ஷ். வெளியான கட்டுரைகளை எடுப்பார், எண்களைச் சரிபார்ப்பார், இது இந்தக் குழு இல்லை, அந்தக் குழு என்று திருத்தி எழுதுவார். கட்டமைப்பு வெளியிட்ட எல்லோருக்கும் ஒரு பயம் இருந்தது. இதற்கென்று ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லே பிறந்துவிட்டது: ‘மார்ஷ்டு’. உங்கள் கட்டமைப்பு மார்ஷ் ஆகிவிட்டது என்றால் மானம் போச்சு என்று அர்த்தம். ஆய்வகத் தமிழில் அது ‘மார்ஷ் பண்ணிட்டாங்க’ என்று வரும். ஒருவர் பெயர் வினைச்சொல்லாவதைவிட ஓர் அறிவியலாளருக்கு வேறென்ன விருது வேண்டும்!

எது வலது, எது இடது என்பதைப் படிகமே சொல்ல வைத்த கதையிலும் டார்டாரிக் அமிலம்தான் வருகிறது. பாஸ்டரால் இரண்டையும் பிரிக்க முடிந்தது. எந்தக் குவியலில் அணுக்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று சொல்ல முடியாது. அதற்கு வழி இல்லாததால் ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷர் ஒரு பக்கத்தை உத்தேசமாக எடுத்து வைத்துக்கொண்டு எல்லா மூலக்கூறுகளையும் வரைந்தார். ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு. 1951-இல் நெதர்லாந்தின் உட்ரெக்டில் பைஃபூட்டும் கூட்டாளிகளும் சோடியம் ரூபிடியம் டார்டரேட்டை எடுத்தார்கள். ரூபிடியத்தைச் சற்றே உசுப்பிவிடும் ஆற்றல் கொண்ட சிர்கோனியம் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினார்கள். அப்போது படிகத்தில் பட்டுச் சிதறும் கதிர் பதிக்கிற எதிரெதிர்ப் புள்ளிகளின் பிரகாசத்தில் சிறு வேறுபாடு வரும். அதை வைத்து அணுக்களின் உண்மையான பக்கத்தைக் கண்டார்கள். ஃபிஷரின் உத்தேசம் சரியாக இருந்தது. தப்பாக இருந்திருந்தால் உலகத்துப் பாடநூல்களில் உள்ள சர்க்கரைப் படங்களையெல்லாம் திருப்பி வரைய வேண்டியிருந்திருக்கும். 1956-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் எஸ். ராமனும் இதே விளைவை இன்னொரு படி கொண்டுபோனார்கள். மையம் இல்லாத படிகங்களின் கட்டமைப்பையே அதைக்கொண்டு கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்கள்.

இன்றைக்கு அந்தச் சிறு வேறுபாட்டை ஃபிளாக் எண் என்று கணினி ஒரே வரியில் தந்துவிடும். பூஜ்யம் வந்தால் நாம் வரைந்த பக்கம் சரி, ஒன்று வந்தால் தலைகீழ், அரை வந்தால் இரண்டு பக்கமும் சம அளவில் கலந்த இரட்டைப் படிகம். கிரிப்டோரெசிமேட்டில் இந்த எண்ணும் ஆளை ஏமாற்றும். பூஜ்யம் என்று சுத்தமாக வரும். பார்ப்பவர் ஒரே கை என்று எழுதிவிடுவார். எண் சொல்வது படிகத்தின் கையைப் பற்றி. உள்ளே இருக்கும் மூலக்கூறுகளின் கையை எண்ணிப் பார்க்க வேண்டியது நாம்தான்.

அதனால் சோங்கே குழுவில் ஏ, பி என்று இரண்டு மூலக்கூறு உள்ள கோப்பு வந்தால் நான் செய்வது ஒன்றுதான். பி-யை எடுத்து, எல்லா ஆயங்களையும் குறி மாற்றித் தலைகீழாக்கி, ஏ-யின் மேல் வைத்துப் பார்ப்பேன். பொருந்தவில்லை என்றால் இரண்டும் ஒரே கை, வேலை முடிந்தது. பொருந்தினால் அடுத்து, விடுபட்ட மையம் ஏதாவது இருக்கிறதா என்று மார்ஷ் பார்வையோடு தேடுவேன். பெரும்பாலும் இருக்கும். திருத்தி எழுதிவிட்டு அடுத்த கோப்புக்குப் போக வேண்டியதுதான். எங்கே தேடியும் மையம் கிடைக்கவில்லை, மூலக்கூறுகள் மட்டும் வலதும் இடதுமாக நிற்கின்றன என்றால், பக்கத்து மேசைக்காரரை ஒருமுறை கூப்பிட்டுக் காட்டிவிட்டு, அந்தச் சொல்லைத் தலைப்பில் எழுதலாம்.